27 பைட் தமிழ்நாடு: பிஎச்பி தன் மதிப்புகளைச் சேமிக்கும் முறை

பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு பக்கத்தை உலாவி கேட்கும்போது சர்வரில் அந்த நிரல் முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பக்கத்தை அனுப்பி முடித்ததும், அதுவரை நினைவகத்தில் இருந்த மாறிகள், அரேக்கள் (சாவியும் மதிப்பும் இணைந்த பட்டியல்கள்), ஆப்ஜெக்ட்கள் (தரவும் அதைக் கையாளும் செயல்களும் சேர்ந்த தொகுப்புகள்) அத்தனையும் அழிந்துவிடுகின்றன. அதே பயனர் அடுத்த நொடியில் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் நிரலுக்கு அவர் புதியவர்தான். அவர் கூடையில் போட்ட பொருள்கள், தேர்ந்தெடுத்த மொழி, உள்நுழைந்த கணக்கு என எதை நினைவில் வைக்க வேண்டுமானாலும் நிரல் முடிவதற்குள் அதை வெளியே எங்காவது எழுதியாக வேண்டும். கோப்பானாலும் தரவுத்தளமானாலும் அங்கே எழுத முடிவது பைட்களின் வரிசையை மட்டுமே. நினைவகத்தில் கிளைகிளையாகப் பிரிந்து கிடக்கும் ஒரு மதிப்பை அப்படியொரு நேர்வரிசையாக மாற்றுவதையும், பிறகு அந்த வரிசையிலிருந்து மதிப்பை மீட்பதையும் சேர்த்துத்தான் சீரியலைசேஷன், அதாவது தொடராக்கம் என்கிறார்கள். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வர் நிரல்களை எழுதுவோருக்கு இது எப்போதாவது தேவைப்படும் வேலை. பிஎச்பியில் இது அன்றாடத் தேவை என்பதால், 2000ஆம் ஆண்டு வெளியான பிஎச்பி 4இல், பயனரைப் பக்கத்துக்குப் பக்கம் நினைவில் வைக்கும் செஷன் வசதி மொழியோடு சேர்ந்தே வந்தபோது, அதற்கு அடித்தளமாக நின்றவை மதிப்பைச் சரமாக்கும் சீரியலைஸ், அதை மீட்கும் அன்சீரியலைஸ் என்ற இரண்டு செயற்கூறுகள்.

சீரியலைஸ் உண்டாக்கும் சரம், அதாவது எழுத்துத் தொடர், பார்ப்பதற்கு எளிமையானது. நகரம் என்ற சாவிக்கு மதுரையும், வார்டு என்ற சாவிக்கு 100 என்ற எண்ணும் கொண்ட ஓர் அரேயை சீரியலைஸ் செய்தால் கிடைப்பது இது:

ஏ:2:{எஸ்:15:"நகரம்";எஸ்:15:"மதுரை";எஸ்:18:"வார்டு";ஐ:100;}

இங்கே தமிழில் எழுதிக் காட்டியிருக்கும் ஏ, எஸ், ஐ மூன்றும் உண்மையான சரத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக இருக்கும். ஏ என்பது அரே. அடுத்துள்ள 2, அதில் எத்தனை இணைகள் உள்ளன என்பதைச் சொல்கிறது. எஸ் என்பது சரம், ஐ என்பது முழு எண். இவற்றைத் தவிர மெய், பொய் மதிப்புகளுக்கு பி, பதின்ம எண்ணுக்கு டி, வெறுமைக்குப் பெரிய எழுத்தில் என், ஆப்ஜெக்டுக்குப் பெரிய ஓ, முன்பே வந்த ஒன்றைத் திரும்பச் சுட்டுவதற்கு ஆர், பிஎச்பி 8.1இலிருந்து ஈனமுக்கு, அதாவது முன்பே வரையறுத்த சில மதிப்புகளில் ஒன்றை மட்டும் கொள்ளும் வகைக்கு, பெரிய ஈ என்று இன்னும் சில உண்டு. ஒரு மதிப்பின் வகையை ஊகிக்க வேண்டிய அவசியம் இந்த வடிவத்தில் எங்கும் எழாது என்பது இதன் முதல் சிறப்பு. 100 என்ற எண்ணும் "100" என்ற சரமும் போன வகையிலேயே திரும்பி வரும்.

கவனிக்க வேண்டியது சரங்களுக்கு முன்னால் நிற்கும் நீளம். மதுரை என்ற சொல்லில் நம் கணக்குப்படி மூன்று எழுத்துகள். யூனிகோடின் கணக்குப்படி ம, த, உகரக்குறி, ர, ஐகாரக்குறி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால், வட்டில் அது 15 பைட். சீரியலைஸ் எழுதுவது இந்த மூன்றாவது கணக்கைத்தான். தமிழ்நாடு என்ற ஐந்தெழுத்துச் சொல் ஒன்பது குறியீடுகளாகவும் 27 பைட்களாகவும் ஆகிறது. சரத்தில் எஸ்:27 என்றே பதிவாகும்.

நீளத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதில் பெரிய வசதி இருக்கிறது. மீட்கும் செயற்கூறு 27 என்பதைப் படித்ததும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே 27 பைட்களை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு, அடுத்து இருப்பது மேற்கோள் குறிதானா என்பதை மட்டும் சரிபார்க்கிறது. ஆகவே சரத்தின் உள்ளே மேற்கோள் குறி வந்தாலும், அரைப்புள்ளி வந்தாலும், ஒரு படத்தின் பைட்களே வந்தாலும் குழப்பமில்லை. எதற்கும் முன்னால் பின்சாய்கோடு போட்டுத் தப்பவைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே வசதிதான் இந்த வடிவத்தின் பலவீனமும்கூட. எழுதிய நேரத்துக்கும் படிக்கும் நேரத்துக்கும் இடையில் யாராவது அந்தச் சரத்தை வெறும் உரை என்று எண்ணி ஒரே ஒரு பைட்டை மாற்றி நீளம் பிசகினாலும், எண்ணிக்கை பொய்யாகி முழு மதிப்பும் கைவிட்டுப் போய்விடும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் செயற்கூறுகளைச் சுற்றி நடந்த விபத்துகளில் கணிசமானவை, ஒருபுறம் பைட்களாக எண்ணப்பட்டதை மறுபுறம் எழுத்துகளாகக் கையாண்டதால் வந்தவை.

இதில் மிகவும் பரவலானது தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் என்ற பிஎச்பி மென்பொருளில் இயங்கும் தளத்தை இடம் மாற்றும்போது நிகழ்வது. உலகின் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில் இயங்குவதாக டபிள்யூ3டெக்ஸ் என்ற கணக்கெடுப்புத் தளம் கணக்கிடுகிறது. அவை ஒவ்வொன்றிலும், எந்தெந்தச் செருகுநிரல்கள் இயங்குகின்றன என்ற பட்டியல் முதல் பக்கவாட்டு விட்ஜெட்களின் அமைப்புகள் வரை, ஆப்ஷன்ஸ் அட்டவணையில் சீரியலைஸ் செய்த சரங்களாகவே கிடக்கின்றன. தளத்தை எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்ற நினைப்பவர் தரவுத்தளத்தின் எஸ்க்யூஎல் கோப்பை உரைத்திருத்தியில் திறந்து, பழைய முகவரியைத் தேடிப் புதியதைப் போட்டுச் சேமிக்கிறார். முகவரி ஒரு பைட் நீண்டுவிட்டது; முன்னால் உள்ள எண் அப்படியே நிற்கிறது. மீட்கும் செயற்கூறு பழைய எண்ணிக்கைப்படி எண்ணிக்கொண்டு போய், மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் முகவரியின் கடைசி எழுத்தைக் காண்கிறது. உடனே பொய் என்ற மதிப்பைத் திருப்பித் தந்துவிட்டு, இத்தனையாவது பைட்டில் பிழை என்று ஓர் அறிவிப்பையும் எழுப்புகிறது. வேர்ட்பிரஸ் அந்த அறிவிப்பை அடக்கிவிடுவதால் திரையில் எதுவும் தெரியாது; விட்ஜெட்கள் மட்டும் மறைந்திருக்கும், தீமின் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போயிருக்கும். இதற்குத்தான் வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து கையாளும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியில் தேடி மாற்றும் கட்டளை இருக்கிறது. அது ஒவ்வொரு சரத்தையும் மீட்டு, உள்ளே மாற்றி, மீண்டும் சீரியலைஸ் செய்து எழுதுவதால் எண்ணிக்கை தானாகச் சரியாகிறது.

பொய்யைத் திருப்பித் தருவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சேமிக்கப்பட்ட மதிப்பே பொய்யாக இருந்தால் அதுவும் பொய் என்றுதான் மீளும். அது தோல்வியா, சரியான விடையா என்று விடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூலச் சரத்தைப் பொய்யின் தொடர்வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பிஎச்பி கையேடு சொல்லும் வழி. பிழை அறிவிப்பை எச்சரிக்கை நிலைக்கு உயர்த்தியது 2023இல் வந்த பிஎச்பி 8.3தான். இவ்வளவு காலம் தாழ்ந்தது வியப்பாகவே இருக்கிறது.

ஆப்ஜெக்ட்களுக்கு வந்தால் சரம் இன்னும் நுட்பமாகிறது. ஆப்ஜெக்டின் வார்ப்புருவான கிளாஸுக்குப் பிஎச்பியில் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கணக்கு என்ற கிளாஸில் இருப்பு என்ற, கிளாஸுக்கு வெளியிலிருந்து தொட முடியாத பிரைவேட் உறுப்பு இருப்பதாகக் கொள்வோம். கணக்கு 18 பைட், இருப்பு 21 பைட், கூட்டினால் 39. ஆனால் சீரியலைஸ் செய்த சரத்தில் அந்த உறுப்பின் பெயருக்கு முன் 41 என்று இருக்கும். உறுப்பு பிரைவேட் என்பதைக் குறிக்க, கிளாஸ் பெயருக்கு முன்னும் பின்னும் சுழியம் மதிப்புள்ள பைட் ஒவ்வொன்றை வைத்து, அதன் பிறகே உறுப்பின் பெயரை எழுதுவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு பைட்களும் திரையிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது தொலைந்துபோக வாய்ப்புண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ தன் உரைப் புலத்தில் சுழிய பைட்டை ஏற்பதே இல்லை. சீரியலைஸின் விளைவை உரைப் புலத்தில் வைக்காமல் பைட்களை அப்படியே வைக்கும் பிளாப் புலத்தில் வைக்குமாறு கையேடு அறிவுறுத்துவதற்குக் காரணம் இதுதான். வாசகர்கள் அதிகம் பொருட்படுத்தாத அறிவுரை இது.

மீட்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஆப்ஜெக்டை உருவாக்கும்போது வழக்கமாக ஓடும் கன்ஸ்ட்ரக்டர் இயங்குவதில்லை; உறுப்புகள் நேரடியாக நிரப்பப்படுகின்றன. கன்ஸ்ட்ரக்டரில் நிரலாளர் வைத்திருந்த சோதனைகள் எதையும் கடக்காமலேயே ஆப்ஜெக்ட் உயிர்பெற்றுவிடுகிறது. தரவுத்தள இணைப்பு போன்றவற்றை உறங்கும் முன் மூடவும் எழுந்த பின் திறக்கவும் ஸ்லீப், வேக்அப் என்ற, பிஎச்பி தானே அழைக்கும் மாயச் செயற்கூறுகள் பிஎச்பி 4 காலத்திலிருந்தே இருக்கின்றன; அவற்றின் குறைகளைக் களைந்து 7.4இல் புதிய இணை ஒன்று வந்தது. குளோஷர் எனும் பெயரற்ற செயற்கூறுகளைச் சீரியலைஸ் செய்ய முயன்றால் எக்செப்ஷன், அதாவது கவனிக்காவிட்டால் நிரலை நிறுத்தும் பிழை, எழும். திறந்த கோப்பு போன்ற ரிசோர்ஸோ எதிர்ப்புக் காட்டாமல் சுழியம் என்ற எண்ணாகிவிடும். மீட்கும் நேரத்தில் அந்தப் பெயரில் கிளாஸே இல்லையென்றால், பாதி ஆப்ஜெக்ட் ஒன்று கிடைக்கும். அதைத் தொட்டால்தான் பிழை தெரியும்.

சரத்தில் எழுதியிருக்கும் கிளாஸ் பெயரை நம்பி ஆப்ஜெக்டை உருவாக்குகிறது என்றால், அந்தச் சரத்தை எழுதியவர் யார் என்ற கேள்வி உடனே எழ வேண்டும். பயனர் அனுப்பும் குக்கியிலோ படிவத்திலோ இருந்து வரும் சரத்தை அப்படியே மீட்டால், எந்த கிளாஸ், அதன் உறுப்புகளில் என்ன மதிப்பு என்பதையெல்லாம் பயனரே தீர்மானிக்கிறார். அவர் புதிய நிரலை உள்ளே கொண்டுவரத் தேவையில்லை. தளத்தில் ஏற்கெனவே இருக்கும் கிளாஸ்களில், வேக்அப்பிலோ அழியும்போது இயங்கும் டெஸ்ட்ரக்டரிலோ ஒரு கோப்பை நீக்குகிற, எழுதுகிற, அல்லது வேறொன்றை அழைக்கிற வரி எங்காவது இருக்கும். அவற்றைச் சங்கிலியாகக் கோத்தால் போதும். பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டீஃபன் எஸ்ஸர் 2010ஆம் ஆண்டு பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இந்த உத்தியை விரிவாக விளக்கினார்.

இந்தத் தாக்குதலும் முன்சொன்ன பைட் கணக்கும் சந்தித்த இடங்கள் இரண்டு. இரண்டுமே கூர்ந்து பார்க்கத் தக்கவை.

முதலாவது வேர்ட்பிரஸ். எந்த மதிப்பையும் சேமிக்கும் முன் அது அரேயா, ஆப்ஜெக்டா என்று பார்த்துத் தேவையென்றால் மட்டும் சீரியலைஸ் செய்வதும், படிக்கும்போது சரம் சீரியலைஸ் ஆனது போலத் தோன்றினால் மீட்பதும் அதன் வழக்கம். தோன்றினால் என்பதில்தான் ஆபத்து. ஒரு பயனர் தன் பெயர்க் கட்டத்தில் வேண்டுமென்றே சீரியலைஸ் ஆன ஆப்ஜெக்டைப் போன்ற சரத்தைத் தட்டினால், படிக்கும்போது அது ஆப்ஜெக்டாகவே எழுந்துவிடும். அதைத் தடுக்க, சேமிக்கும்போதே அப்படித் தோன்றும் சரங்களை வேர்ட்பிரஸ் இன்னொரு முறை சீரியலைஸ் செய்து வைக்கிறது. தோற்றத்தைச் சோதிக்கும் செயற்கூறு சரத்தின் கடைசி எழுத்து அரைப்புள்ளியா, மூடும் அடைப்பா என்றும் பார்க்கும். இப்போது தாக்குபவர் தன் சரத்தின் இறுதியில் நான்கு பைட் நீளமுள்ள ஓர் அரிய யூனிகோட் எழுத்தைச் சேர்க்கிறார். கடைசி எழுத்து அடைப்பு அல்ல என்பதால் சோதனை இதைச் சாதாரண உரை என்று விட்டுவிடுகிறது. வேர்ட்பிரஸின் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லின் அன்றைய யூடிஎஃப்8 என்ற எழுத்துத் தொகுதியோ, பெயருக்கு மாறாக, மூன்று பைட் வரையிலான எழுத்துகளை மட்டுமே ஏற்கும். பிழையான தரவை மறுக்கும் கண்டிப்பு முறை இயங்காத நிலையில், நான்கு பைட் எழுத்தைக் கண்ட இடத்திலேயே மீதியை வெட்டிவிட்டு முன்பகுதியைச் சேமித்துவிடும். ஒட்டுப்போட்ட எழுத்து போய்விட்டது. அட்டவணையில் எஞ்சியிருப்பது அச்சு அசலாக ஒரு சீரியலைஸ் ஆன ஆப்ஜெக்ட். பாதுகாப்பு ஆய்வாளர் டாம் வான் கோதெம் தெரிவித்த இந்தக் குறை 2013 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் 3.6.1இல் அடைக்கப்பட்டது. தமிழ் எழுத்துகள் எல்லாமே மூன்று பைட் என்பதால் நம் தளங்களில் இந்த வெட்டு கண்ணில் பட்டதில்லை. ஒருவர் பின்னூட்டத்தில் ஈமோஜி போட்டபோதுதான் அதற்குப் பின் வந்த வாக்கியங்கள் காணாமல் போயின.

இரண்டாவது, வேர்ட்பிரஸைப் போலவே தளம் கட்ட உதவும் மென்பொருளான ஜூம்லா, 2015 டிசம்பர். அதே வெட்டு இங்கே செஷன் தரவில் நிகழ்ந்தது. பிஎச்பியின் இயல்பான செஷன் வடிவம் முழுவதையும் ஒரே அரேயாக எழுதுவதில்லை. ஒவ்வொரு மாறிக்கும் பெயர், பிறகு ஒரு செங்குத்துக் கோடு, பிறகு சீரியலைஸ் ஆன மதிப்பு என்று அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போகும். ஜூம்லா பயனரின் உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியைச் செஷனில் சேர்த்து, அதைத் தரவுத்தளத்தில் வைத்திருந்தது. தாக்குபவர் அந்த வரியில் ஒரு செங்குத்துக் கோடு, அதன் பின் தனக்கு வேண்டிய ஆப்ஜெக்ட், அதன் பின் நான்கு பைட் எழுத்து என்று அனுப்பினார். மைஎஸ்க்யூஎல் வெட்டியதும், முன்னால் எழுதியிருந்த நீளத்துக்கு உள்ளடக்கம் போதவில்லை. முதல் மதிப்பை மீட்பது தோற்றது. அந்த நாளைய பிஎச்பியில் இருந்த ஒரு வழு, தோற்றதும் நின்றுவிடாமல் அடுத்த செங்குத்துக் கோட்டைத் தேடிச் சென்றது. அது தாக்குபவர் வைத்த கோடு. அதன் பின்னால் இருந்ததைப் புதிய மாறியின் மதிப்பாக எடுத்துக்கொண்டு ஆப்ஜெக்டை உருவாக்கியது. தரவுத்தள இணைப்பைக் கையாளும் கிளாஸின் டெஸ்ட்ரக்டர் வழியாகச் சங்கிலி ஓடி, தாக்குபவரின் கட்டளை சர்வரில் இயங்கியது. செஷன் வழுவை அந்த ஆண்டு செப்டம்பரிலேயே பிஎச்பி திருத்தியிருந்தது என்றாலும், மேம்படுத்தப்படாத சர்வர்கள் ஏராளமாக இருந்தன, ஜூம்லா 1.5 முதல் 3.4.5 வரை எல்லாமே பாதிக்கப்பட்டன. நீளம் சொன்னபடி இல்லையென்றால் அனைத்தையும் தூக்கியெறிவதுதான் இத்தகைய வடிவத்துக்குப் பாதுகாப்பு. கிடைத்ததை மீட்டுத் தருவோம் என்ற நல்லெண்ணம் இங்கே கதவைத் திறந்துவிட்டது.

இதற்குப் பிறகு பிஎச்பி தரப்பிலிருந்து வந்த எதிர்வினைகள் பலவகை. எந்தெந்த கிளாஸ்களை மட்டும் அனுமதிப்பது என்று சொல்லும் வசதி பிஎச்பி 7.0இல் வந்துவிட்டது, அதில் எதையும் அனுமதிக்காமல் விட்டால் அரேக்களும் எளிய மதிப்புகளும் மட்டுமே முழுதாக மீளும். 2017இல் மொழியின் பராமரிப்பாளர்கள், நம்பத்தகாத சரத்தை அன்சீரியலைஸுக்குக் கொடுப்பதால் வெளிப்படும் நினைவகப் பிழைகளை இனித் தனிப் பாதுகாப்புக் குறைபாடுகளாகக் கருதப்போவதில்லை என்று அறிவித்தார்கள். கைகழுவியதுபோலத் தோன்றினாலும், அது நேர்மையான அறிவிப்பு: அந்தச் செயற்கூறு அப்படிப்பட்ட உள்ளீட்டுக்காகக் கட்டப்பட்டது அல்ல. ஆனால் 2018இல் பாதுகாப்பு ஆய்வாளர் சாம் தாமஸ், அன்சீரியலைஸ் என்ற சொல்லே இல்லாத நிரலிலும் அது இயங்கக்கூடும் என்று காட்டினார். ஃபார் என்ற தொகுப்புக் கோப்பின் மேல்தகவல் சீரியலைஸ் ஆன வடிவில் இருப்பதால், கோப்பு இருக்கிறதா என்று கேட்கும் சாதாரணச் செயற்கூறுக்கு ஃபார் முகவரியைக் கொடுத்தாலே போதுமாக இருந்தது. பிஎச்பி 8.0இல்தான் அந்தத் தானியங்கி மீட்பு நிறுத்தப்பட்டது.

பயனர் கையில் போய்த் திரும்பும் தரவுக்கு ஜேசன் என்ற எளிய உரை வடிவம் போதும் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 2006இல் வந்த பிஎச்பி 5.2 முதல் அது மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது; அதை மீட்பதால் எந்த கிளாஸும் எழுந்து வராது. பிஎச்பியில் எழுதப்பட்ட இணையக் கடை மென்பொருளான மஜென்டோ 2017இல் வந்த 2.2 பதிப்பில் பெரும்பாலான புலங்களை ஜேசனுக்கு மாற்றியது. பிஎச்பி நிரல்களுக்கான கட்டமைப்பான லாராவெல் 2018இல் குக்கிகளைச் சீரியலைஸ் செய்வதை இயல்பாக நிறுத்தியது. ஆனாலும் ஜேசன் இழப்பில்லாத மாற்று அல்ல. 10.0 என்ற பதின்ம எண் தனியாகக் கேட்டுக்கொண்டாலன்றி 10 என்றே எழுதப்படும்; 0, 1, 2 என்று வரிசையாகச் சாவி கொண்ட அரேயில் நடுவில் ஒன்றை நீக்கினால் பட்டியல் திடீரென ஆப்ஜெக்டாகும்; ஒரே ஆப்ஜெக்டை இரண்டு இடங்கள் சுட்டினால் இரண்டு நகல்களாகும். தமிழுக்கு ஒரு தனிக் கணக்கும் உண்டு. இயல்பு நிலையில் ஜேசன் செயற்கூறு ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஆறு பைட் நீளமுள்ள குறிமுறையாக மாற்றுவதால், 27 பைட் தமிழ்நாடு 54 பைட் ஆகிவிடும். தரவுத்தளத்தில் தேடினால் கிடைக்கவும் செய்யாது. பிஎச்பி 5.4 முதல் உள்ள, யூனிகோடை மாற்றாமல் விடும் விருப்பத்தைக் கொடுத்தால்தான் எழுத்து எழுத்தாக நிற்கும். தமிழ்த் தளம் கட்டுவோர் இதை முதல் நாளே வைத்துவிடுவது நல்லது.

எந்த வடிவமானாலும், ஒரு புலத்துக்குள் ஒரு முழு அரேயைத் திணிப்பதால் வரும் தொல்லைகள் சில மாறுவதில்லை. சீரியலைஸ் ஆன புலத்தில் 12 என்ற எண் உள்ள பதிவுகளைத் தேட, மேற்கோள் குறிக்குள் 12 என்று எஸ்க்யூஎல்லின் லைக் (உரைத்துண்டைத் தேடும் கட்டளை) போட்டுத் தேடும் வழக்கம் வேர்ட்பிரஸ் உலகில் வேரூன்றிவிட்டது; அதற்குத் தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் உதவாது, அட்டவணை வளர வளரத் தேடல் தேய்ந்துபோகும். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் அதே அரேயைப் படித்து, ஆளுக்கொரு சாவியை மாற்றி, முழுதாகத் திரும்ப எழுதினால் முன்னது செய்த மாற்றம் தடமின்றிப் போகும். தனித்தனியாகத் தேடவும் திருத்தவும் வேண்டியவற்றுக்குத் தனிப் புலங்களே சரி என்பது என் கருத்து. ஜேசன் புலம் அதற்கு அடுத்தபடி.

சீரியலைஸுக்கு இன்றும் பொருத்தமான இடம், ஒரே நிரல் எழுதி, அதே நிரல் சிறிது நேரத்தில் படித்து, இடையில் வேறு யார் கையும் படாத தற்காலிகச் சேமிப்பும், பின்னர் செய்ய வேண்டியவற்றை நிறுத்திவைக்கும் வேலை வரிசையும்தான். அங்கும் லாராவெல் செய்யும் ஏற்பாடு கவனிக்கத் தக்கது. வரிசைக்கு அனுப்பும் வேலையின் வெளி உறை ஜேசன். உள்ளே வேலையின் ஆப்ஜெக்ட் மட்டும் சீரியலைஸ் ஆனது. அந்த ஆப்ஜெக்ட் தரவுத்தளப் பதிவு ஒன்றைச் சுமந்திருந்தால், பதிவின் உள்ளடக்கத்தை எழுதாமல் கிளாஸ் பெயரையும் அடையாள எண்ணையும் மட்டும் எழுதிவைத்து, வேலை இயங்கும் நேரத்தில் தரவுத்தளத்திலிருந்து அப்போதைய நிலையை எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. சரம் சிறிதாகிறது, பழைய மதிப்பைக் கொண்டு வேலை நடக்கும் வாய்ப்பும் குறைகிறது. அதற்குள் அந்தப் பதிவை யாராவது நீக்கியிருந்தால் எக்செப்ஷன் எழும். அப்படியானால் வேலையைத் தோல்வி என்று குறிப்பதா, ஓசையின்றி விட்டுவிடுவதா என்பதை வேலையின் கிளாஸில் நிரலாளரே சொல்லி வைக்க வேண்டும்.